எக்செல் பாடம்: பழைய கார்களுக்கு ஒரு வயதுப் பட்டியல்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்செல் பக்கமே போவதில்லை. அது ஆபீஸில் சம்பளக் கணக்கு போடுபவர்களுக்கானது என்று நினைத்து ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில், வீட்டில் நாம் சேர்த்து வைக்கும் எந்த விவரத்தையும் ஒழுங்குபடுத்த இதைவிட எளிய புரோகிராம் இல்லை. எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இந்தப் பாடத்தைச் செய்து பார்க்கலாம். இரண்டிலும் வழிமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டது பழைய கார்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் நடத்தும் கண்காட்சிகளுக்கோ, கோவையில் 2015-ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் மியூசியத்துக்கோ போய் வந்தால் செல்போனில் இருநூறு படங்கள் சேர்ந்துவிடும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எது எந்தக் கார், எந்த வருடத்தது என்று தெரியாது. இதற்கு ஒரு பட்டியல் போடுவோம்.

நம் ஊர் கார்களும் உண்டு

அமெரிக்காவில் 1932-ம் வருட ஃபோர்டு வி-8 போன்ற பழைய கார்களை வாங்கி, தேவையற்ற பாகங்களைக் கழற்றி எடையைக் குறைத்து, இன்ஜினை மாற்றி வேகம் கூட்டி ஓட்டினார்கள். இவற்றுக்கு ஹாட் ராட் என்று பெயர். பின்னர் கம்பெனிகளே பெரிய இன்ஜின் வைத்து விற்ற கார்கள் மசில் கார் எனப்பட்டன. 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. இதற்கு நல்ல உதாரணம். அதன் இன்ஜின் 6.4 லிட்டர்.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இந்த வேக ஆசை இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் பந்தயப் பாதை வருவதற்கு முன், சோழவரத்தில் இருந்த இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில்தான் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. இந்தியாவின் மசில் கார் என்று பலரும் செல்லமாகச் சொல்வது, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டுவந்த கான்டெசாவை. அதே கம்பெனி எங்கள் கடம்பத்தூர் அருகே உள்ள அதிகத்தூரில் தொழிற்சாலை கட்டி, 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்களைத் தயாரித்தது. ஆகவே இந்தப் பட்டியலில் எங்கள் ஊர் காருக்கும் ஒரு வரி உண்டு.

பட்டியலை அமைத்தல்

எக்செல்லைத் திறந்து புதிய ஒர்க் ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் ஏ1 முதல் டி1 வரை உள்ள செல்களில் கார், தயாரித்த இடம், ஆண்டு, 50 நிறையும் ஆண்டு என்று தலைப்புகள் கொடுக்கவும். இரண்டாவது வரிசையிலிருந்து முதல் மூன்று காலங்களில் மட்டும் கீழ்க்கண்டவற்றை டைப் செய்யவும். இங்கே ஆண்டு என்பது அந்த மாடல் முதலில் வந்த ஆண்டு.

மிட்சுபிஷி லான்சர் – திருவள்ளூர் – 1998
ஃபோர்டு வி-8 – அமெரிக்கா – 1932
ஸ்டாண்டர்ட் ஹெரால்டு – சென்னை – 1961
ஹிந்துஸ்தான் கான்டெசா – மேற்கு வங்கம் – 1984
போன்டியாக் ஜி.டி.ஓ. – அமெரிக்கா – 1964
ஸ்டாண்டர்ட் 2000 – சென்னை – 1985

வருடத்தை எப்போதும் நான்கு இலக்கமாகவே கொடுக்கவும். முழுத் தேதி கொடுக்கும்போது 15-8-28 என்று சுருக்கி அடித்தால், எக்செல் அதை 1928 என்று எடுத்துக்கொள்ளாது. 2028 என்றுதான் பதிந்துகொள்ளும். பழைய கார் விஷயத்தில் இது நூறு வருடத் தவறு!

ஐம்பது வயது ஏன் முக்கியம்?

மத்திய அரசு 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்கு என்று தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. இதன்படி முதல் பதிவு நடந்து 50 வருடங்களுக்கு மேல் ஆன இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் விண்டேஜ் என்ற தகுதி பெறும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். பதிவு பத்து வருடம் செல்லும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்காக மட்டுமே ரோட்டில் ஓட்டலாம். முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். அதாவது ஹாட் ராட் கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த விதிப்படி விண்டேஜ் ஆகாது.

இதை நான் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், என் பெரியப்பாவின் கொட்டகையில் 1968-ல் பதிவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று நிற்கிறது. "பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இன்ஜின் வைத்துவிடலாம். அல்லது எடைக்குப் போட்டுவிடலாம்" என்று தெரிந்த மெக்கானிக் ஒருவர் யோசனை சொன்னார். பெரியப்பாவும் சரி என்று சொல்லும் நிலையில்தான் இருந்தார். பட்டியலில் அந்தக் கார் 2018-லேயே ஐம்பதைத் தாண்டிவிட்டது என்று காட்டி, விதியையும் படித்துச் சொன்னேன். இன்ஜினை மாற்றிவிட்டால் அந்தத் தகுதி கைவிட்டுப் போகும். "அப்படின்னா அது அப்படியே இருக்கட்டும்டா" என்றார். இப்போது அந்த அசல் இன்ஜினுக்கே பாகங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கைப் போடுவோம்

1. காலியாக உள்ள ஜி1 செல்லில் 50 என்று டைப் செய்து எண்டர் தட்டவும்.

2. டி2 செல்லில் கிளிக் செய்து சமக்குறி போடவும். பின் சி2 செல்லில் கிளிக் செய்யவும். கூட்டல் குறி போட்டு ஜி1 செல்லில் கிளிக் செய்யவும்.

3. உடனே எண்டர் தட்டாமல், எஃப் 4 கீயை ஒருமுறை அழுத்தவும். ஜி1 என்ற செல் பெயருக்கு இரண்டு டாலர் குறிகள் வந்து சேரும். இப்போது எண்டர் தட்டவும். லான்சருக்கு 2048 என்று விடை கிடைக்கும்.

4. டி2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மௌஸால் பிடித்துக் கீழே கடைசி கார் வரை இழுக்கவும். மற்ற கார்களுக்கும் விடை வந்துவிடும். கான்டெசாவுக்கு 2034, ஹெரால்டுக்கு 2011.

டாலர் குறி எதற்கு? பார்முலாவைக் கீழே இழுக்கும்போது சி2 என்பது சி3, சி4 என்று மாறிக்கொண்டே போகும். இது நமக்குத் தேவை. ஆனால் ஜி1 மாறக்கூடாது. அந்தச் செல்லைப் பூட்டி வைக்கும் பூட்டுதான் டாலர் குறி.

பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான ஃபிவா, 30 வயது ஆன வாகனத்தையே வரலாற்று வாகனம் என்ற கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஜி1-ல் 50-ஐ அழித்து 30 என்று கொடுத்துப் பாருங்கள். எல்லா விடைகளும் ஒரே நொடியில் மாறும். லான்சருக்கு 2028 என்று வரும். பார்த்த பின் மறக்காமல் மீண்டும் 50 என்று மாற்றிவிடவும்.

ஒரு விஷயத்தை நினைவில் கொள்ளவும். சட்டம் பார்ப்பது மாடல் வந்த ஆண்டை அல்ல. உங்கள் வண்டி முதலில் பதிவான தேதியை. சொந்தக் காரைச் சேர்க்கும்போது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வருடத்தையே கொடுக்கவும்.

வரிசைப்படுத்தும்போது கவனம்

வயது வாரியாகப் பார்க்க, ஆண்டு காலத்தில் ஏதாவது ஒரு செல்லில் மட்டும் கிளிக் செய்து, டேட்டா மெனுவில் சிறியதிலிருந்து பெரியதற்கு வரிசைப்படுத்தும் பட்டனை அழுத்தவும். ஃபோர்டு முதலில் வரும். லான்சர் கடைசிக்குப் போகும்.

ஆண்டு காலம் முழுவதையும் செலக்ட் செய்துவிட்டு இதைச் செய்தால், எக்செல் ஓர் எச்சரிக்கை விண்டோவைக் காட்டும். அதில் எக்ஸ்பாண்ட் த செலக்‌ஷன் என்பதையே தேர்ந்தெடுக்கவும். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுகள் மட்டும் இடம் மாறி, கார்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். லான்சர் 1932-ம் வருடக் கார் ஆகிவிடும்! அப்படி ஆனால் கண்ட்ரோலுடன் இசட் கீயை அழுத்தி உடனே பழைய நிலைக்குத் திரும்பவும்.

சேஸிஸ் எண்ணும் படங்களும்

சொந்த வண்டி என்றால் சேஸிஸ் எண், இன்ஜின் எண் ஆகியவற்றுக்கும் தனித்தனி காலம் அமைக்கவும். 00472 என்று அடித்தால் எக்செல் முன்னால் உள்ள பூஜ்யங்களை நீக்கி 472 என்று மாற்றிவிடும். இதைத் தவிர்க்க, முதலில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டுவிட்டு எண்ணை டைப் செய்யவும். விண்ணப்பத்தில் ஒரு பூஜ்யம் குறைந்தாலும் அலைச்சல் நமக்குத்தான்.

பழைய ஆர்.சி. புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து வைக்கவும். மை மங்கிக்கொண்டே போகும், காத்திருக்காதீர்கள். கண்காட்சிப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி வாங்காமல், போனைக் கேபிள் மூலம் இணைத்து நேரடியாக காப்பி செய்யவும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் சுருங்குவதோடு, எடுத்த தேதி போன்ற விவரங்களும் படத்திலிருந்து நீங்கிவிடும். ஒவ்வொரு படத்தையும் தேர்ந்தெடுத்து எஃப் 2 கீயை அழுத்தி, கார் பெயரையும் ஆண்டையும் பெயராகக் கொடுக்கவும். படங்களையும் பட்டியலையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, பென் டிரைவ் ஒன்றிலும் காப்பி எடுத்து வைக்கவும்.

அதிகத்தூர் தொழிற்சாலையில் பின்னர் இசுசூ வண்டிகளும், அதன்பின் சிட்ரோயன் கார்களும் தயாராயின. லான்சர் சாலையில் குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் தெருவில் ஒன்று நின்றால் உரிமையாளரிடம் அனுமதி கேட்டுப் படம் எடுத்து, வருடத்தையும் கேட்டு பட்டியலில் சேருங்கள். வீட்டுப் பயிற்சியாக, உங்கள் வீட்டில் உள்ள ஸ்கூட்டர், மொபெட், கார் அனைத்தையும் இதே பட்டியலில் சேர்த்து, எது எந்த வருடத்தில் 50-ஐத் தொடும் என்று கண்டுபிடியுங்கள். எடைக்குப் போட நினைத்த வண்டி ஒன்று அந்தப் பட்டியலில் முதலில் வந்து நிற்கலாம்.