ஒயினும் நம் வீட்டுச் சாப்பாடும் – ஒரு சிறு பாடம்



நம் கூட்டங்களில் இளைஞர்கள் சிலர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், அதிக விலை இல்லாத நல்ல ஒயின் எது? நம்ம சாப்பாட்டோடு எது சேரும்?" தமிழ்ச் சங்க இதழில் இப்படி ஒரு கட்டுரையா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்வது என் நோக்கம் அல்ல. ஆனால் நாம் பிழைக்க வந்திருப்பது கொச்சியில். கிறிஸ்துமஸ் வந்தால் தேவராவிலும் மட்டாஞ்சேரியிலும் பக்கத்து வீட்டுச் சேச்சி பிளம் கேக்கோடு ஒரு சின்ன பாட்டில் ஒயினும் கொடுத்தனுப்புவது இங்குள்ள வழக்கம். அதை "வெறும் திராட்சைச் சாறுதானே" என்று குழந்தைகளுக்கு ஊற்றுபவர்களும் உண்டு. "இதயத்துக்கு நல்லது" என்று தாத்தாவுக்கு ஊற்றுபவர்களும் உண்டு. இரண்டும் சரியல்ல. ஒரு பொருளின் குணமும் அளவும் தெரிந்துவிட்டால், ஏற்பதா மறுப்பதா என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

பெயரும் பழமையும்

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் பிள்ளைகள் "முந்திரி" என்றால் கொட்டையை நினைப்பார்கள். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நம் தமிழிலும் திராட்சைக்குக் கொடிமுந்திரி என்ற பெயர் உண்டு. அகராதியில் பார்க்கலாம்.

ஒயின் இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூற்றின் 56-வது பாட்டு பேசுகிறது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மது வந்து இறங்கிய ரோமானிய ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. நமக்குப் பக்கத்தில், வடக்குப் பரவூரை அடுத்த பட்டணம் கிராமத்தில் 2007 முதல் நடந்த அகழாய்விலும் அதே வகை ஜாடித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

இங்கே திராட்சை விளையாததால் வேறு வழியும் கண்டார்கள். 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபார்க் கரையில் வாழ்ந்த போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, இங்குள்ள கிறிஸ்தவர்கள் உலர்திராட்சையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் பிழிந்த சாற்றைப் பூசைக்குப் பயன்படுத்தினார்கள் என்று எழுதியிருக்கிறார். மட்டாஞ்சேரி யூதர்களும் தங்கள் சபாத் பிரார்த்தனைக்கு உலர்திராட்சையிலிருந்தே ஒயின் தயாரித்துக்கொண்டார்கள். 1568-ல் கட்டப்பட்ட அவர்களுடைய பரதேசி ஜெபாலயம் இன்றும் நிற்கிறது.

ஒயின் உண்டாகும் விதம்

திராட்சைச் சாற்றில் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. இட்லி மாவு பொங்குவதும் இப்படி வாயு உண்டாவதால்தான். கணக்கு எளிது. ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்து மாறினால் 1 சதவீதம் ஆல்கஹால் உண்டாகும். 200 கிராம் சர்க்கரை உள்ள சாறு ஏறக்குறைய 12 சதவீத ஒயினாகும்.

கறுப்புத் திராட்சையைத் தோலோடு புளிக்கவைத்தால் சிவப்பு ஒயின். தோலை நீக்கிச் சாற்றை மட்டும் புளிக்கவைத்தால் வெள்ளை ஒயின். தோலிலும் விதையிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. கட்டித் தேநீர் குடித்தால் நாக்கு வறளுகிறதே, அதுவும் டானின்தான். எனவே சிவப்பில் துவர்ப்பு அதிகம், வெள்ளையில் புளிப்பு முன்னே நிற்கும். சாப்பாட்டோடு சேர்ப்பதற்கு இந்த வித்தியாசமே அடிப்படை.

அளவுக் கணக்கு

நான் வாழ்நாள் முழுவதும் அளவெடுத்து வேலை செய்தவன். ஆகவே இதையும் அளந்தே சொல்கிறேன்.

ஒரு பாட்டில் 750 மில்லி. 12 சதவீதம் என்றால் அதில் 90 மில்லி சுத்த ஆல்கஹால். எடையில் ஏறக்குறைய 71 கிராம். 150 மில்லி கிளாஸ் ஒன்றில் 14 கிராம். நம் நாட்டு விஸ்கி 42.8 சதவீதம். அதில் 30 மில்லி பெக் ஒன்றில் இருப்பது 10 கிராம். அதாவது ஒரு கிளாஸ் ஒயின், ஒரு சிறிய பெக் விஸ்கியைவிட அதிகம். ஒரு பாட்டில் ஒயின் ஏழு பெக்குகளுக்குச் சமம். "ஒயின்தானே" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும்.

அடுத்தது வண்டி ஓட்டுவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்திற்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆண் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் ஒயின் குடித்தால், மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரப்படி ரத்தத்தில் ஏறக்குறைய 34 மில்லிகிராம் வரும். பெண்களுக்கு இன்னும் கூடும். ஒரே கிளாஸிலேயே எல்லையைத் தாண்டிவிடுகிறோம். சாப்பிட்டிருந்தால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். ரயில்வேயில் லோகோ பைலட் பணியேற்கும்போது மூச்சைப் பரிசோதித்த பிறகே வண்டியைக் கொடுப்பார்கள். ஸ்கூட்டர் ஓட்டும் நமக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். அன்று ஆட்டோவில் வீடு திரும்புங்கள்.

எதோடு எது சேரும்?

மேல்நாட்டுப் புத்தகங்களில் "மாமிசத்துக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை" என்று இருக்கும். நம் சமையலில் பொருளைவிட மசாலாவே ருசியைத் தீர்மானிக்கிறது. ஆகவே நான்கு விதிகளை நினைவில் வைத்தால் போதும்.

1. காரத்துக்கு இனிப்பு. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் துவர்ப்பும் கூட்டும், இனிப்பு தணிக்கும். செட்டிநாட்டுக் கோழி வறுவலோடு துவர்ப்பான சிவப்பு ஒயினைக் குடித்தால் வாய் பற்றி எரியும். லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின், உதாரணமாகச் செனின் பிளாங்க், ஒத்துப்போகும்.

2. எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் புளிப்பு. பஜ்ஜி, மெதுவடை, கோழி பொரித்தது இவற்றோடு புளிப்பான வெள்ளை ஒயினோ, நுரைக்கும் ஒயினோ நாக்கைக் கழுவிவிட்டது போல இருக்கும். பஜ்ஜிக்கு எலுமிச்சை பிழிந்துகொள்கிறோமே, அதே தத்துவம்.

3. மீனுக்குத் துவர்ப்பு ஆகாது. மத்தி, அயிலை போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீனோடு சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் கவிச்சி நிற்கும். இதற்குக் காரணம் ஒயினில் உள்ள இரும்புச் சத்து என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் கண்டு வெளியிட்டார்கள். மீன் மோளியின் தேங்காய்ப்பாலுக்கும் கரிமீன் பொள்ளிச்சதுக்கும் சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை வகை பொருந்தும்.

4. இனிப்புப் பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயின் வெறும் புளித்த தண்ணீராகத் தோன்றும். பிளம் கேக்கோடு வீட்டு ஒயின் இவ்வளவு சேர்வதற்கு இதுவே காரணம். அதில் சர்க்கரை அதிகம், கூடவே கிராம்பும் பட்டையும் இரண்டிலும் உண்டு.

சிவப்பு ஒயினுக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். மிளகும் கரம் மசாலாவும் சேர்ந்த, மிளகாய் குறைந்த ஆட்டுக்கறி வறுவல், கேரளத்து இறைச்சி உலர்த்தியது, சுட்ட கத்தரிக்காய், காளான் இவற்றுக்கு ஷிராஸ் வகை சரியாக வரும். அப்பமும் காய்கறி ஸ்டூவும் உண்ணும் சைவர்களுக்கு ரோஸே என்னும் இளஞ்சிவப்பு வகை ஏற்றது.

சாம்பார், ரசம், புளிக்குழம்பு, வத்தக்குழம்பு இவற்றோடு எந்த ஒயினும் தோற்றுப்போகும். புளியின் புளிப்பு ஒயினின் புளிப்பை மூடிவிடும். அங்கே நீர்மோர்தான் ராஜா.

சிக்கனமாக வாங்குவது

மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கு வேண்டிய வரியைப் போடுகிறது. அதனால் ஒரே பாட்டில் மகாராஷ்டிரத்தில் ஒரு விலை, கேரளத்தில் ஒரு விலை. வாங்கும்போது விலையை ஐந்தால் வகுத்து, ஒரு கிளாஸுக்கு என்ன செலவு என்று பாருங்கள். இறக்குமதி பாட்டிலில் சுங்க வரியும் சேர்வதால், நம் நாட்டு ஒயினே கட்டுப்படியாகும். பெங்களூரை அடுத்த நந்தி மலைப் பகுதியில் 1988-ல் தொடங்கிய குரோவர், நாசிக்கில் 2000-ல் முதல் ஒயினை வெளியிட்ட சூலா ஆகிய இரண்டும் இந்திய ஒயின்களில் பரவலாக அறியப்பட்ட பெயர்கள்.

"பழசாக ஆக ருசி கூடும்" என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. குறைந்த விலை ஒயின்கள் இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிப்பதற்கென்றே தயாரிக்கப்படுபவை. லேபிளில் திராட்சை அறுவடை வருடத்தைப் பாருங்கள், புதியதை எடுங்கள். வெயில் படும் அலமாரியில் நின்ற பாட்டில் வேண்டாம். திருகு மூடி மட்டம் என்று நினைக்க வேண்டாம், அதுவே வசதி. திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். ஒரே இரவில் தீர்க்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

சிவப்பு ஒயினை "அறை வெப்பநிலையில்" பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பிய அறையைக் குறித்தது. 16 முதல் 18 டிகிரி. கொச்சி அறை 30 டிகிரி. ஆகவே சிவப்பையும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளை நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும்.

வீட்டு ஒயின்

இங்குள்ள வீடுகளில் திராட்சையையும் சர்க்கரையையும் பீங்கான் பரணியில் போட்டு, சுமார் 21 நாள் ஊறவைப்பார்கள். அந்தத் திராட்சை பெரும்பாலும் நம்முடையது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை குமுளி மலையேறி இங்கு வருகிறது. அதற்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் வீட்டு ஒயினில் ஆல்கஹால் எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. மாறாமல் நின்ற சர்க்கரையும் நிறைய இருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. புளிப்பது முடியுமுன் பாட்டிலை இறுக மூடினால் வாயு அழுத்தத்தில் கண்ணாடி வெடிக்கும்.

சட்டமும் உண்டு. உரிமம் இல்லாமல் ஒயின் தயாரித்து விற்பது கேரள அப்காரி சட்டப்படி குற்றம். கேரளத்தில் மது வாங்கவும் அருந்தவும் வயது 23 நிறைந்திருக்க வேண்டும் என்று 2017-ல் உயர்த்தினார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இதை நினைவில் வைக்கட்டும்.

யார் தொடக்கூடாது?

குழந்தைகள், கர்ப்பிணிகள், ஈரல் நோய் உள்ளவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள், ஒருமுறை குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் தொடவே கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். "தினம் ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லது" என்ற பேச்சை நம்பித் தொடங்காதீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் மது முதல் பிரிவில் இருக்கிறது.

ஊரை விட்டு வந்த குடும்பத்தில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. ஒரு சம்பளத்தில் இங்கே வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டி, ஊரில் உள்ள பெற்றோருக்கும் பணம் அனுப்புகிறோம். அந்தச் சம்பளக்காரர் குடியில் விழுந்தால் தாங்கிப் பிடிக்கச் சித்தப்பாவோ மாமாவோ பக்கத்துத் தெருவில் இல்லை.

குடிக்காதவர்களுக்கு

பக்கத்து வீட்டுப் பாட்டிலை வேண்டாம் என்று சொல்லச் சங்கடப்பட வேண்டியதில்லை. "கேக் மட்டும் எடுத்துக்கொள்கிறோம் சேச்சி" என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள். மேலே சொன்ன விதிகள் பழச்சாற்றுக்கும் பொருந்தும். அரைக் கிலோ பன்னீர் திராட்சையைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் பத்து நிமிடம் மெல்லிய தீயில் வேகவையுங்கள். மசித்து வடிகட்டி, இரண்டு கிராம்பு போட்டு ஆறவிட்டு, எலுமிச்சை பிழியுங்கள். கார உணவோடு கொஞ்சம் வெல்லம் சேர்த்தும், பஜ்ஜியோடு சோடா கலந்தும் பரிமாறலாம். நிறமும் மணமும் துவர்ப்பும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து குடிக்கலாம்.

சந்தேகம் உள்ளவர்கள் கேள்வியை எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். தெரிந்ததை அடுத்த இதழில் எழுதுகிறேன்.