உயிரணுவின் ஒற்றர்

பழநியை அடுத்த ஆயக்குடி கொய்யாப்பழத்திற்குப் பேர்போனது. அக்கனியொன்றை அரிந்து வைத்தால், அதன் சதை சிறிது பொழுதில் பழுப்பேறக் காண்கின்றோம். காற்றிலுள்ள பிராணவாயு கனியிலுள்ள சில பொருள்களோடு கூடுதலே அதற்குக் காரணமாம். புறத்தே கண்ணுக்குப் புலனாகும் இவ்வினையை ஒத்தன உயிரணுவின் அகத்தேயும் இடையறாது நிகழ்கின்றன. அவற்றைக் காண்பது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

நாம் உட்கொள்ளும் பிராணவாயுவில் ஒரு சிறு பகுதி உயிரணுவினுள் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு முதலிய தீவிரப் பொருள்களாக மாறுகின்றது. அளவோடிருப்பின் இவை உடலுக்குத் தூதும் காவலும் ஆவன. அளவு மீறின் கொழுப்பையும் புரதத்தையும் மரபுப்பொருளையும் சிதைப்பன. இவற்றுட் பல தோன்றிய சிறு பொழுதிலேயே மறைதலின், இவற்றை உளவறிய ஒற்றர் வேண்டும். அவ்வொற்றரே ஒளிர்சாயங்கள்.

1871-இல் பேயர் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆக்கிய புளோரசீன் சாயத்தின் வழிவந்த டைகுளோரோபுளோரசீனை எடுத்துக்கொள்வோம். அதன் ஒடுக்கப்பட்ட உருவம் ஒளியற்றது. அது அசெட்டேட்டுப் போர்வை போர்த்து உயிரணுவின் மென்தோலைக் கடக்கும். உள்ளிருக்கும் நொதிகள் அப்போர்வையைக் களையும். தீவிரப் பொருள்கள் தாக்கியபின், நீல ஒளியைப் பாய்ச்சப் பச்சையாய் ஒளிரும்.

எனினும் இவ்வொற்றன் முற்றும் மெய்யன் அல்லன். ஹைட்ரஜன் பெராக்சைடு தனித்து நின்று இவனை எளிதில் ஒளிரச் செய்வதில்லை. இரும்பு முதலியவற்றின் துணை வேண்டும். ஆராய்வோர் பாய்ச்சும் ஒளியே சில வேளை இவனை மாற்றிவிடும். அன்றியும், மாறுங்கால் இவனே சூப்பராக்சைடைப் பிறப்பித்தலும் உண்டு. கள்வனைத் தேடச் சென்றவன் தானும் களவு செய்தாற்போல்வதாம் இது.

கண்ட ஒளியை ஆராயாது பெயரிடலாகாது என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன், 1928-இல் கல்கத்தாவில் சி. வி. இராமனுடன் ஆராய்ந்த மெல்லொளி, முன்னர் மெலிந்த ஒளிர்வென்றே கருதப்பட்டது. அதன் முனைவாக்கத்தை நோக்கிய பின்னரே அது வேறெனத் தெளிந்தனர். இராமன் விளைவு உலகறிய வெளிப்பட்டது.

ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனால் ஆராய்ந்து கொள்க என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தபின் தெளிக என்றும் திருவள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் விதித்தார். கவனமுடைய ஆராய்ச்சியாளர் செய்வதும் இதுவே. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறப்பாக அறியும் போரானேட்டுச் சாயங்களும், 2006-இல் வெளிவந்த ஹைப்பர் என்னும் ஒளிர்புரதமும் வேற்றொற்றராவர். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேசு நொதியைச் சேர்த்து, ஒளி குன்றுகின்றதா எனவும் பார்ப்பர்.

கொய்யாவில் உயிர்ச்சத்து 'சி' மிகுதி. அதன் சாற்றை உயிரணுக்களோடு சேர்த்தபொழுது சாயத்தின் ஒளி மங்கினால், இப்பழம் நோய் தீர்க்கும் எனப் பறைசாற்றத் தோன்றும். சாறு தீவிரப் பொருளை அழித்ததா, சாயம் மாறுதலைத் தடுத்ததா, அன்றி ஒளியையே மறைத்ததா என வினவுதல் அறிவுடையார் கடன். ஆயக்குடிக் கனியின் பெருமைக்குப் பொய்ச்சாட்சி வேண்டுவதில்லை, மெய்ச்சாட்சியே போதும்.