கூட்டுக்குப் போகும் முன்

கேள்வி: கோவையில் வால்வு தயாரிக்கிறோம். புனேயிலுள்ள பெரிய நிறுவனம் ஒன்று, எங்களோடு சேர்ந்து புது வகை வால்வு கொண்டுவரலாம் என்கிறது. லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. கூட்டணி நிலைக்க எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், கோவை

பதில்: அந்த ‘லாபத்தில் பாதி’யில்தான் எனக்குத் தயக்கம். லாபம், செலவு போக மிஞ்சுவது. எந்தச் செலவைக் கூட்டுக் கணக்கில் எழுதுவது என்ற தகராறு முதல் வருடமே தொடங்கிவிடும்.

விமான எஞ்சின் தொழிலில் இதற்கு ஓர் அருமையான தீர்வு கண்டார்கள். அமெரிக்காவின் ஜி.இ.யும் பிரான்சின் ஸ்னெக்மாவும் (இன்றைய சஃப்ரான்) 1974-இல் சி.எஃப்.எம். என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. எஞ்சினின் நடுப்பகுதி ஜி.இ.யின் பொறுப்பு. முன்னாலிருக்கும் விசிறியும் பின்னாலிருக்கும் குறை அழுத்த டர்பைனும் ஸ்னெக்மாவுடையவை. விற்ற தொகையை அப்படியே சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். அவரவர் செலவு அவரவருக்கு. சிக்கனமாகச் செய்தவருக்கு மிச்சம் அதிகம். ஒருவர் பேரேட்டை மற்றவர் புரட்ட வேண்டிய தேவையே எழவில்லை.

அந்த நடுப்பகுதி, குண்டுவீச்சு விமான எஞ்சினிலிருந்து பிறந்தது. நுட்பம் வெளியே போய்விடும் என்று அமெரிக்க அரசு முதலில் அனுமதி மறுத்தது. 1973-இல் அதிபர்கள் நிக்சனும் பாம்பிடுவும் ரெய்க்யவிக்கில் பேசிய பிறகே வழி பிறந்தது. நடுப்பகுதியை அமெரிக்காவிலேயே செய்து, பிரித்துப் பார்க்க முடியாதபடி மூடி பிரான்சுக்கு அனுப்ப முடிவானது. எதைக் காட்டுவோம், எதைக் காட்டமாட்டோம் என்பது ஆரம்பத்திலேயே தெளிவாகிவிட்டது. உங்கள் வால்வு வரைபடங்களுக்கும் இப்படியொரு எல்லையை இப்போதே போடுங்கள்.

அப்புறம் பொறுமை. 1979 வரை ஓர் ஆர்டர்கூட வரவில்லை. கைவிடும் கட்டத்தில்தான், பழைய டி.சி.-8 விமானங்களுக்குப் புது எஞ்சின் பொருத்த அமெரிக்க விமான நிறுவனங்கள் முன்வந்தன. பிறகு போயிங் 737 வந்தது. இன்று ஒப்பந்தம் 2050 வரை நீண்டிருக்கிறது.

பெயரும் சந்தையும் யாருக்கு என்பதையும் பேசுங்கள். 2013-இல் கைகோத்த டி.வி.எஸ்.சும் பி.எம்.டபிள்யூ.வும் ஓசூரில் ஒரே அடித்தளத்தில் பைக் செய்து, தத்தம் பெயரில், தத்தம் டீலர்கள் வழியே விற்கின்றன. ஹீரோவும் ஹோண்டாவும் 26 ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தும், ஏற்றுமதிச் சந்தை விஷயத்தில் ஹீரோவுக்குக் கை கட்டியே இருந்தது. 2010-இல் பிரிய முடிவெடுத்தார்கள்.

புனேக்காரர்களிடம் விற்பனைத் தொகையில் பங்கு கேட்டுப் பாருங்கள். மறுத்தால், கூட்டுக் கணக்கில் வரக்கூடிய செலவுகளை ஒவ்வொன்றாக எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.