தொழிலறிக்கை எழுதும் முறை

கலாசாலையில் மாணாக்கர் எழுதும் கட்டுரைகளுக்கு வாசகர் ஒருவரே, அவர் ஆசிரியர். எழுதியதை முற்றும் வாசிக்க அவர் கடமைப்பட்டவர். விஷயத்தை மாணாக்கரினும் நன்கறிந்தவர். வாசித்தபின் மதிப்பெண் இடுவதன்றி வேறொரு காரியமுஞ் செய்யவேண்டாதவர். பட்டம் பெற்று யந்திரசாலையிலோ வைத்தியசாலையிலோ அலுவலகத்திலோ அமர்ந்த அன்றே இம்மூன்று நிலைமைகளும் மாறிவிடுகின்றன. அங்கே வாசிப்பவர் அவசரக்காரர். எழுதியவர் அறிந்ததை அறியாதவர். வாசித்தபின் ஒரு திருகைத் திருப்பவோ, ஒரு வேலையை நிறுத்தவோ வேண்டியவர். இம்மாற்றத்தை உணராமையாலேயே, கட்டுரைக்குப் பரிசில் பெற்றவருட் பலர் ஒரு பக்க அறிக்கை எழுத இடர்ப்படுகின்றனர்.

இதனை விளக்குதற்கு நடந்த விஷயமொன்றை எடுத்துக்கொள்வோம். 1977-ஆம் வருஷம் செப்டெம்பர் 24-ஆம் தேதி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒகையோ மாகாணத்திலுள்ள டேவிஸ்-பெஸ் அணுவுலையில் அழுத்தந் தணிக்கும் வால்வு ஒன்று திறந்து, மீண்டும் மூடாமல் நின்றுவிட்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன்வழியே வெளியேறிற்று. அழுத்தம் தாழ்ந்தவுடன் அவசரப் பம்புகள் தாமாகவே இயங்கிப் புதுநீரைச் செலுத்தின. ஆயினும், அழுத்தத்தைக் காக்கும் தொட்டியின் மட்டங்காட்டி நீர் ஏறுவதாகவே காட்டிற்று. உலையிலும் குழாய்களிலும் ஆவி உண்டாகி, நீரைத் தொட்டிக்குள் தள்ளியதே அதற்குக் காரணம். தொட்டி நிரம்பிவிடலாகாது என்று பயிற்றப்பட்டிருந்த இயக்குநர் பம்புகளை நிறுத்தினர். உலை அன்று முழு வலிமையில் நூற்றுக்கு ஒன்பது பங்கே இயங்கியமையாலும், வால்வின் நிலை ஏறக்குறைய 20 நிமிஷத்தில் கண்டறியப்பட்டமையாலும் பெருங்கேடு நேரவில்லை.

உலையை அமைத்த பாப்காக் அண்டு வில்காக்ஸ் கம்பெனியின் எஞ்சினீயர் சிலர் இதன் பொருளை உணர்ந்தனர். ஜோசப் கெல்லி என்பார் அவ்வருஷம் நவம்பரில் ஒரு குறிப்பு எழுதினார். பெர்ட் டன் என்பார் 1978 பிப்ரவரி 9-இல் உரிமப் பிரிவின் தலைவருக்கு இன்னும் வன்மையாக எழுதினார். உலை முழு வலிமையில் இயங்கியிருந்தால் எரிபொருட் கருவே நீர்மட்டத்துக்கு மேல் வெளிப்பட்டிருக்கலாம் என்றும், இயக்குநருக்குப் புதிய விதி அனுப்பவேண்டும் என்றும் அதிற் கண்டிருந்தது. இவ்வளவில் குறையொன்றுமில்லை.

அடுத்த குறிப்பே நாம் ஊன்றிக் கற்கத்தக்கது. அணுவுலைகளை நடத்துவோருக்கு விதிகளை அறிவிக்கும் பிரிவினர், 1978 ஆகஸ்ட் 3-இல் மற்றொரு பிரிவுக்கு ஒரு குறிப்பு விடுத்தனர். முதல் வாக்கியம் முந்தைய கடிதங்களைச் சுட்டி, அவை கம்பெனியின் கொள்கையில் ஒரு மாறுதலை வேண்டுகின்றன என்று சாந்தமாகக் கூறுகின்றது. அதன்பின், தொட்டி நிரம்பினால் குழாய்களுக்கு என்ன சேதம் வரும் என்னும் இரு வினாக்கள். எரிபொருள் வெளிப்படக்கூடும் என்னும் பேரபாயமோ, கடைசிப் பகுதியில், தாங்கள் ஏன் இதுவரை விதியை அனுப்பவில்லை என்பதற்குச் சமாதானம் சொல்லுமிடத்தில் வருகின்றது. எந்தத் தேதிக்குள் விடை வேண்டும் என்பது இல்லை. அதிலுள்ளவை யாவும் உண்மையே. இலக்கணப் பிழையும் இல்லை. ஆயினும் மேலோட்டமாய் வாசிக்கும் ஒருவர், இது குழாய்களைப் பற்றிய சாதாரண வினா என்றே எண்ணி மேசையின் ஒருபுறம் வைத்திருப்பார். எழுத்து மூலமான விடை வரவேயில்லை.

1979 மார்ச்சு 28-ஆம் தேதி விடியற்காலம் ஏறக்குறைய நான்கு மணிக்குப் பென்சில்வேனியா மாகாணத்துத் திரீ மைல் ஐலண்டு நிலையத்தின் இரண்டாம் உலையில் அதே வகை வால்வு திறந்தபடி நின்றது, மட்டங்காட்டி ஏறிற்று, இயக்குநர் நீரைக் குறைத்தனர். எரிபொருட் கருவில் ஏறக்குறைய பாதி உருகிப்போயிற்று. ஜனாதிபதி கார்ட்டர் நியமித்த கெமனி ஆணைக்குழு இக்குறிப்புக்களையெல்லாம் வெளிப்படுத்திற்று. எழுத்தின் குறையொன்றே விபத்துக்குக் காரணம் என்று கூறுதல் நியாயமாகாது. பயிற்சியின் குறையும், வந்த குறிப்புக்கு விடையளிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை வரையறுக்காத அலுவலக ஒழுங்கும் அதிற் பெரும்பங்கு கொண்டன. எனினும் விடைக்குக் காத்திருந்தவர் மறுபடியும் கேட்கத்தக்க ஒரு தேதியைக் குறிக்க அவர்களுடைய எழுதுகோலைத் தடுத்தவர் யாருமிலர்.

மாணாக்கர் அக்குறிப்பைத் தமிழில் திருப்பி எழுதிப் பார்க்கலாம். நாம் எழுதினால் இவ்வாறு தொடங்குவோம்: “நம் உலைகளை நடத்துவோர் அவசர நீரை முன்கூட்டியே நிறுத்தினால் எரிபொருள் உருகக்கூடும். டேவிஸ்-பெஸ் உலையில் இவ்வாறு ஒருமுறை நிறுத்தியுள்ளனர். புதிய விதியை அனுப்புமுன், தொட்டி நிரம்புவதால் குழாய்க்குச் சேதம் உண்டா என்பதைத் தங்கள் பிரிவு பத்து நாளுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும்.” அபாயம், சான்று, வேண்டுகோள், தவணை என்னும் நான்கும் முதல் மூன்று வாக்கியத்துள் அடங்கிவிட்டன. கணக்குகளும் முந்தைய கடிதங்களும் கீழே வரட்டும்.

தமிழில் தொழில் விஷயங்களை எழுத முடியாது என்பாருக்கு, 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களும் வெளியிட்ட டாக்டர் சாமுவேல் கிறீன் போதிய விடையாவார். நம் மொழியமைப்பில் இதற்கு ஒரு வசதியே உண்டு. “மின்சாரத்தை நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து, மூடியைத் திறக்க” என்னும்போது வினையெச்சங்கள் செயல் நிகழும் வரிசையிலேயே நிற்கின்றன. ஆனால் விலக்குச் சொல் நம் வாக்கியத்தின் இறுதியில் வருவதை மறத்தலாகாது. “மூடியை மின்சாரம் ஓடும்போது கைகளாலேனும் கருவியாலேனும் திறத்தல் கூடாது” என்று எழுதினால், ‘கூடாது’ என்பதை எட்டுமுன் கை மூடியின்மேல் இருக்கும். ஆதலின் விலக்குகளைச் சிறு வாக்கியமாக்கி, செயலுக்கு முன்னே வைக்கவேண்டும். ‘செய்யப்படல் வேண்டும்’ என்னும் செயப்பாட்டு வினையையும் நாம் அஞ்சுகின்றோம். அது கேட்க மதிப்பாயிருக்கும், செய்பவன் யார் என்பதை மட்டும் சொல்லாது.

இரசாயனசாலையில் “அமிலத்தோடு நீரைக் கலக்க” என்பதும் “நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடுக” என்பதும் ஒன்றல்ல. கந்தகாமிலத்தில் நீரை விட்டால் அது கொதித்து முகத்தில் தெறிக்கும். முதல் வாக்கியம் எது எதிற் செல்லவேண்டும் என்பதைக் கூறவில்லை. எண்களுக்கு அளவின் பெயரைச் சேர்த்தெழுதுதலும் இத்தகையதே. செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய ஆராய்ச்சிக் கலமொன்று 1999 செப்டெம்பரில் அழிந்தமைக்குக் காரணம், ஒரு சாரார் ஆங்கில அளவையில் தந்த எண்களை மறு சாரார் மெட்ரிக் அளவையாகக் கொண்டமையே.

ஆகாயவிமானங்களைப் பழுதுபார்ப்போருக்கென வகுத்த எளிய ஆங்கில விதிகளில், கட்டளை வாக்கியம் 20 சொற்களுக்கு மேற்படலாகாது என்றும், இயன்றவரை ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்றும் வரையறை உண்டு. கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் சுவையைக் கெடுக்கும் என்று நமக்குக் கற்பித்துள்ளார்கள். தொழிலறிக்கையிலோ முதல் வரியில் ‘வால்வு’ என்றதை ஐந்தாம் வரியில் ‘அடைப்பு’ என்றும் பத்தாம் வரியில் ‘கதவம்’ என்றும் அலங்கரித்தால், வாசிப்பவன் மூன்று பொருள்களைத் தேடுவான்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை உண்டு. அத்தொழில் அறியாத நண்பர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, அதன்படி செய்யச் சொல்லுக. எழுதியவர் அருகில் நின்று, அவர் தயங்கும் இடந்தோறும் ஓரத்தில் ஒரு கோடு இடவேண்டும். வாய்திறந்து விளக்குதல் மட்டும் ஆகாது. முதல் முறையில் ஐந்தாறு கோடுகளேனும் விழும். கோடு விழுந்த வாக்கியங்களை மாற்றி எழுதி, பின்னும் வேறொரு நண்பரைத் தேடுக. முன்னவருக்கு இதற்குள் விஷயம் தெரிந்துபோயிருக்கும்.