உழவு இயந்திரப் பெட்டியின் பின்விளக்குப் பழுதுகள்

பெரும்போக நெல் அறுவடையாகும் மாசி, பங்குனி மாதங்களில் கமக்காரருக்கு இரவும் பகலும் ஒன்றே. நெல்லை மூடை கட்டி முடிக்கும்போது பொழுது பட்டுவிடும். மழை வந்துவிடுமோ என்னும் ஏக்கத்தினால் அன்றிரவே பெட்டியில் ஏற்றி வீட்டுக்கோ ஆலைக்கோ கொண்டுசெல்வர். பாரம் ஏற்றிய பெட்டி மணிக்கு 15 அல்லது 20 கிலோமீற்றர் வேகத்திலேயே செல்லும். பின்னால் 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் லொறியோ ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் தூரத்தைக் கடக்கும். பெட்டியின் சிவப்பு விளக்கு எரியாவிடின், லொறிச் சாரதி மூடைகளைக் காண்பது தமது முன்விளக்கின் ஒளி அவற்றில் பட்ட பின்னரேயாம். அப்பொழுது வண்டியை நிறுத்துவதற்கு இடம் போதாது.

1964 முதல் செய்யப்பட்ட மெசி பேர்கசன் 135 போன்ற பழைய உழவு இயந்திரங்கள் இன்றும் வயல்களில் உழைக்கின்றன. அவற்றின் எஞ்சினைப் பேணுவோர் பலர். பின்விளக்குக் கம்பிகளைத் திரும்பிப் பார்ப்போர் சிலரே. விளக்கு மங்கினால் முதலில் மின்குமிழை மாற்றுவர். பின்னர் மின்கலவடுக்கைக் குறை கூறுவர். முன்விளக்குகள் பிரகாசமாக எரியுமாயின் மின்கலவடுக்கின்மேல் குற்றமில்லை என்பது தெளிவு. அனேக சந்தர்ப்பங்களில் குற்றம் புவித்தொடுப்பிலேயே உள்ளது. ‘எர்த்’ என்று மெக்கானிக்குகள் கூறுவது இதனையே.

மின்கலவடுக்கிலிருந்து ஆளி வழியாகவும் கம்பி வழியாகவும் மின்குமிழை அடையும் மின்னோட்டம், மீண்டும் மின்கலவடுக்குக்குத் திரும்பவேண்டும். திரும்பும் வழி பெரும்பாலும் இயந்திரத்தின் இரும்புச் சட்டமே. விளக்கைப் பூட்டிய ஆணியின் கீழ் துருவோ வர்ணப் பூச்சோ இருப்பின் அவ்வழி அடைபடும். பெட்டியில் நிலைமை இன்னும் மோசமானது. திரும்புகம்பி போடப்படாத பெட்டியில், மின்னோட்டம் பெட்டியை மாட்டும் முளை வழியாகவே வரவேண்டும். அம்முளையோ கிறீசும் சேறும் பூசியது. பாதையில் குலுங்கும்போதெல்லாம் ஆடுவது. யூரியா மூடை ஏற்றிய பெட்டியில் சிந்திய பசளை ஈரத்தை இழுத்து, செப்பையும் இரும்பையும் அரித்துவிடும். 12 உவோற்று கிடைக்கவேண்டிய குமிழுக்கு 10 உவோற்று மாத்திரம் கிடைப்பின் அதன் ஒளி ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆகவே, “எரிகிறதுதானே” என்று விட்டுவிடுதல் தகாது.

பழுதின் இடத்தை விளக்கின் நடத்தையே பெரும்பாலும் காட்டிவிடும். பெட்டியின் இரு பக்க விளக்குகளும் ஒருங்கே மங்கி, குலுங்கும்போது அணைந்து எரியுமாயின் பொதுவான திரும்புவழி பழுது. ஒரு பக்கம் மாத்திரம் மங்கினால் அவ்விளக்கின் பூட்டாணியையும் குமிழ் இருக்கும் ஓல்டரையும் கழற்றிப் பார்க்க. திரும்பும் சைகை விளக்கு மின்னும்போது அதே பக்கத்துச் சிவப்பு விளக்கும் சேர்ந்து துடிக்குமாயின், திரும்பும் வழி அடைபட்ட மின்னோட்டம் மற்றக் குமிழின் இழையூடாக வழி தேடுகிறது என்பது பொருள். அங்கும் புவித்தொடுப்பே குற்றவாளி. வளைவில் திரும்பும்போது மாத்திரம் விளக்கு அணைந்தால், கம்பி நீளம் போதாமல் இழுபடுகிறது அல்லது உறைக்குள்ளேயே செப்பு அறுந்துள்ளது. நெல் வைத்த கொட்டிலில் நிறுத்திய இயந்திரமாயின், எலி கடித்த இடத்தையும் தேடவேண்டும்.

ஐயத்தைத் தீர்க்க ஒரு கம்பித் துண்டே போதும். மின்கலவடுக்கின் எம்முனையிலிருந்து தடித்த பட்டி சட்டத்துக்குச் செல்கிறதோ அதுவே புவிமுனை. பழைய ஆங்கிலேய இயந்திரங்கள் பலவற்றில் இது நேர்முனையாக இருக்கும். எதிர்முனையே என்று எண்ணி ஏமாறலாகாது. விளக்கை ஏற்றிவிட்டு, நீண்ட கம்பியின் ஒரு நுனியைப் புவிமுனையிலும் மறுநுனியை ஓல்டரின் உலோக உடலிலும் அழுத்திப் பிடிக்க. விளக்கு உடனே பிரகாசித்தால் புவித்தொடுப்பைத் திருத்தினால் போதும், வேறெதையும் வாங்கவேண்டியதில்லை. மாற்றமில்லையெனில், இரு கம்பிகள் இணைத்த 5 உவாற்றுக் குமிழொன்றைச் சோதனை விளக்காக்குக. அதன் ஒரு கம்பியைப் புவிமுனைக்கு நீட்டிக் கட்டி, மற்றதால் ஓல்டரின் நடுத்தொடுகை, பெட்டிச் செருகி, ஆளி என்று பின்னிருந்து முன்னாகத் தொட்டு வருக. சோதனை விளக்கு முதன்முதலாக எரியும் இடத்துக்கும் அதற்கு முன் தொட்ட இடத்துக்கும் இடையிலேயே பழுது உள்ளது.

கம்பி மாற்றும்போது நிறங்களை நம்பி மோசம்போவோர் பலர். ஆங்கிலேய வாகனங்களில் சிவப்புக் கம்பி பின்விளக்குக்கும், கறுப்பு புவித்தொடுப்புக்கும், வெள்ளை எஞ்சின் திறப்பு வழியாக வரும் மின்னோட்டத்துக்கும் வழக்கமாக உரியன. ஏழு முளைகள் கொண்ட பெட்டிச் செருகியிலோ வெள்ளை புவித்தொடுப்பு. சிவப்பு தடுப்பு விளக்கு. கறுப்பு இடப் பின்விளக்கு. கபிலம் வலப் பின்விளக்கு. வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தவர் திறப்பைத் திருப்பிய கணமே கம்பி சிவந்து புகையும். வைக்கோல் ஏற்றிய பெட்டியாயின் இதன் விளைவைக் கூறவேண்டியதில்லை. ஆதலால் நிறத்தை விடுத்து, செருகியில் பொறித்துள்ள இலக்கத்தைப் பார்த்தே தொடுக்க. 3ஆம் இலக்கமே புவித்தொடுப்பு.

திருத்தும் முறை எளிது. முதலில் மின்கலவடுக்கின் புவிமுனையைக் கழற்றிவிட வேண்டும். தொடுமிடங்களை அரத்தாளினால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுகப் பூட்டி, அதன் பின்னரே மேலே சிறிது கிறீசு பூசுக. பெட்டியின் இரு விளக்குகளிலிருந்தும் செருகிவரை தனித் திரும்புகம்பி ஒன்று போடுதலே நிலையான பரிகாரம். அதற்காகும் செலவு சில மீற்றர் கம்பியின் விலையே.

பழைய இயந்திரங்கள் சிலவற்றில் பின்விளக்குக்கு உருகியே இல்லை; அவற்றில் ஒன்றை இடையில் சேர்த்தல் வேண்டும். 5 உவாற்றுக் குமிழ்கள் நான்கும் சேர்ந்து 2 அம்பியருக்குக் குறைவாகவே எடுப்பதால் 5 அம்பியர் உருகி போதுமானது. உருகி எரிந்தவிடத்து சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைத்தல் சிலரது வழக்கம். உருகிக்குப் பதிலாகக் கம்பி முழுவதும் எரிவதற்கே அது உதவும்.

வழியில் விளக்கு அணைந்து, திருத்த இயலாதாயின் பெட்டியைத் தார்ப்பகுதியிலிருந்து முற்றாக இறக்கி நிறுத்துக. சிவப்பு ஒளித்தெறிப்பிகள் இரண்டு பெட்டியின் பின்பலகையில் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். மூடைகளின் மேல் போர்த்த படங்குத் துணி தொங்கி அவற்றை மறைப்பதுண்டு. புறப்படுமுன் அதனைச் சுருட்டிக் கட்டுக.