ராம் வாங்குமுன் வெட்டைப் பாருங்கள்

மண்சரிவினால் லயத்தை விட்டு வந்து தற்காலிக இடங்களில் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பழைய கணனிகள் நன்கொடையாகக் கிடைப்பதுண்டு. அவை மெதுவாக இயங்கும்போது, "ராம் போட்டால் சரி" என்று யாராவது சொல்வார்கள். தாயோ தகப்பனோ நாலைந்து நாள் பேருக்கான காசைக் கொண்டுபோய் ஹட்டனில் ஒரு பலகையை வாங்கி வருவார்கள். வீட்டில் அது பொருந்தாது. பாவித்த பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுப்பதும் அரிது. 2025 இன் இறுதியில் உலகச் சந்தையில் ராம் விலை வெகுவாக ஏறியபின், இந்த நட்டம் இன்னும் பெரிது.

ராம் என்பது கணனி வேலை செய்யும்போது தேவையானவற்றைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம். இன்று கைக்கு வரும் பலகைகள் டி.டி.ஆர். வகையைச் சேர்ந்தவை. ஜெடெக் என்ற தொழில்துறை அமைப்பு இதன் முதல் தலைமுறைக்கு 2000 இலும், இரண்டாவதற்கு 2003 இலும், மூன்றாவதற்கு 2007 இலும், நான்காவதற்கு 2012 இலும், ஐந்தாவதற்கு 2020 இலும் தரம் வகுத்தது. மேசைக் கணனிக்கான பலகைகள் எல்லாம் ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர் நீளமே. ஆகவே நீளத்தை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

அடி விளிம்பிலுள்ள தங்க நிறக் கீற்றுகளுக்கு இடையே ஒரு வெட்டு இருக்கும். அதுவே அடையாளம். முதல் தலைமுறையில் ஒரு பக்கத்துக்கு 92 கீற்றுகள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 120 தான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டாவதில் வெட்டு 64, 56 எனக் கிட்டத்தட்ட நடுவில் பிரிக்கும். மூன்றாவதில் 72, 48 என ஒரு பக்கம் நன்றாக ஒதுங்கியிருக்கும். நான்காவதில் 144 கீற்றுகள். அடி விளிம்பும் சற்று வளைந்திருக்கும். ஐந்தாவதிலும் 144 தான், ஆனால் வெட்டு இடம் மாறியிருக்கும்.

வெட்டு பொருந்தாவிட்டால் அழுத்தாதீர்கள். அது தடுப்பதற்காகவே வைக்கப்பட்டது. இரண்டாவது தலைமுறைக்கு 1.8 வோல்ற்று, மூன்றாவதற்கு 1.5, நான்காவதற்கு 1.2 வோல்ற்று மின்சாரம் வேண்டும். பலவந்தமாகச் செருகினால் பலகையோடு கணனியும் பழுதாகலாம்.

ஒட்டியுள்ள தாளையும் வாசியுங்கள். பி.சி. என்ற ஆங்கில எழுத்துகளை அடுத்து 2, 3, 4 என ஓர் இலக்கமும் பிறகு ஒரு சிறு கோடும் இருந்தால், அந்த இலக்கமே தலைமுறை. கோட்டைக் கவனியுங்கள். பி.சி.3-12800 மூன்றாம் தலைமுறை; கோடில்லாத பி.சி.3200 முதலாம் தலைமுறை. நான்காம் தலைமுறைப் பலகையிலும் 3200 என்று வேகம் அச்சிடப்பட்டிருக்கலாம். அந்த எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது.

மடிக்கணனிக்கான பலகை ஏறக்குறைய பாதி நீளம். மேசைக் கணனியில் பொருந்தாது. மூன்றாவதன் இலக்கத்தை அடுத்து எல் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது 1.35 வோல்ற்றிலும் இயங்கும். சில மடிக்கணனிகள் இதை மட்டுமே ஏற்கும்.

கடைக்குப் போகும்போது, மின் இணைப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் பழைய பலகையை எடுத்து, ஒரு தாளில் சுற்றிக் கொண்டு போங்கள். கீற்றுகளைத் தொடாமல் ஓரத்தில் பிடியுங்கள். அது முதலாவதாகவோ இரண்டாவதாகவோ இருந்தால், என் கருத்தில், காசு கொடுத்து வாங்க வேண்டாம். அந்தக் கணனி இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்பதை முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள்.