வழிகாட்டப்படும் ஆயுதங்களும் இலக்குத் தவறுதலும்

ஏவப்பட்ட பின்னரும் தன் பாதையைத் திருத்திக்கொள்ளக்கூடியது வழிகாட்டப்படும் ஆயுதமாகும். எறிகணையும் பல்குழல் பீரங்கியின் சாதாரண உந்துகணையும் இவ்வகையைச் சேரா. குழலை விட்டு வெளியேறிய பின் அவற்றின் பாதையைத் திருத்த முடியாது. வெருகல், வாகரைப் பகுதிகளில் உங்கள் பெற்றோருக்கு இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. விடைத்தாளில் நீங்கள் எழுதியே ஆக வேண்டும்.

லேசர் முறையில், இலக்கின் மீது பாய்ச்சப்படும் ஒளி தெறிப்படைந்து வர, குண்டின் உணரி அதனைப் பின்தொடர்கிறது. முகில், புகை, தூசி என்பன இதற்குத் தடை. செய்மதி முறையில் குண்டுக்கு ஓர் ஆள்கூறு கொடுக்கப்படுகிறது. முகில் இதனைப் பாதிக்காது. ஆனால் அவ்விடத்தில் இருப்பது முகாமா மருத்துவமனையா என்பதைக் குண்டு அறியாது. இதுவே இப்பாடத்தின் மையக் கருத்து.

1999 மே 7இல் பெல்கிரேட்டிலிருந்த சீனத் தூதரகத்தின் மீது அமெரிக்க விமானம் செய்மதி வழிகாட்டும் குண்டுகளை வீசியதில் மூவர் இறந்தனர். குண்டுகள் கொடுக்கப்பட்ட ஆள்கூறில்தான் விழுந்தன. சில நூறு மீற்றர் தள்ளியிருந்த வேறொரு கட்டடத்தின் இடத்தைத் தவறாகக் கணித்ததாகவும், தரவுகள் பழையனவாக இருந்ததாகவும் அமெரிக்கா கூறியது. சீனா இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. 2001 டிசம்பரில் ஆப்கானிஸ்தானில் நடந்தது இன்னும் எளிய தவறு. நிலைகாண் கருவியின் மின்கலத்தை மாற்றியதும் அது தான் இருக்கும் இடத்தின் ஆள்கூறையே காட்டியது. அதுவே இலக்காக அனுப்பப்பட, அமெரிக்கப் படையினர் மூவரும் அவர்களுடன் நின்ற ஆப்கானியர் சிலரும் கொல்லப்பட்டனர்.

இனி நமது பிரதேசம். 2006 நவம்பர் 8இல், வெருகலுக்குத் தெற்கே கதிரவெளியில், விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தங்கியிருந்த இடம்பெயர்ந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்றுப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். புலிகளின் பீரங்கித் தாக்குதலுக்கே பதிலடி கொடுத்ததாக இராணுவம் கூறியது. முகாம் பகுதியில் படைநிலை எதையும் காணவில்லை என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு தெரிவித்தது.

பதிலடித் தாக்குதலில், வரும் எறிகணையின் பாதையில் ஒரு பகுதியை ரேடார் அளந்து, பின்னோக்கிக் கணித்து, சுடப்பட்ட புள்ளியைத் தருகிறது. அப்புள்ளியின் அருகே யார் தங்கியுள்ளனர் என்பதை ரேடார் சொல்லாது. அதை வேறு வழியில் அறிந்தே சுட வேண்டும். திருப்பிச் சுடப்படும் எறிகணைகளும் ஒரே புள்ளியில் விழாமல் பரந்து விழும். எனவே "தவறுதலான தாக்குதல்" என்று எழுதுமுன் மூன்றைப் பிரித்துக் கேளுங்கள்: ஆயுதம் விலகியதா? ஆள்கூறு பிழையா? மக்கள் இருப்பது தெரிந்தும் சுடப்பட்டதா? மூன்றாவதைத் தவறு என்று சொல்ல முடியாது.

மாதிரி வினா: அகலக்கோட்டில் 1 கலை ஏறத்தாழ 1.85 கி.மீ. ஆகும். ஆள்கூறைப் பதியும்போது 1 கலை கூட்டி எழுதப்பட்டால், 10 மீற்றர் வழுவுடைய குண்டு உண்மை இலக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும்? குண்டின் வழுவை 1 மீற்றராகக் குறைப்பதால் பயன் உண்டா? காரணம் தருக.